வாசகர் கேள்வி – பதில்: கிழக்குக் கடற்கரைச் சாலையில் பூநாரையும் வெளிமானும்

சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போவது, வழியில் பறவைகளும் விலங்குகளும் பார்ப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: குடியரசு தினத்தை ஒட்டி மூன்று நாள் விடுமுறை கிடைக்கிறது. ஈ.சி.ஆரிலேயே ராமேஸ்வரம் போய், வழியில் பிச்சாவரம், கோடியக்கரை எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா? (வாசகர், ஆவடி)

போய்வர முடியும், பார்க்க முடியாது. சென்னையிலிருந்து ராமேஸ்வரம் இந்த வழியில் கிட்டத்தட்ட 600 கி.மீ. புதுச்சேரி வரை விரட்டலாம். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஊர், வளைவு, ஆட்டு மந்தை, டிராக்டர் என்று மணிக்குச் சராசரி 50 கி.மீ. கிடைத்தாலே பெரிது. பறவையும் மானும் உங்களுக்குத் தரும் நேரமோ விடிந்து இரண்டு மணி நேரம், பொழுது சாய்வதற்கு முன் இரண்டு மணி நேரம். அந்த நான்கு மணி நேரத்தில் கார் ஓடிக்கொண்டிருந்தால் பயணமே வீண்.

மூன்றே நாள் என்றால் ராமேஸ்வரத்தை விட்டுவிடுங்கள். கோடியக்கரையோடு நிறுத்திக்கொண்டு தஞ்சாவூர் வழியாகத் திரும்புங்கள். ஐந்து இரவு கிடைத்தால் இப்படிப் போகலாம்: முதல் நாள் விடியற்காலை 5 மணிக்குத் திருவான்மியூரைத் தாண்டினால் 7 மணிவாக்கில் மரக்காணம். புதுச்சேரியில் காலைச் சாப்பாடு, மாலை 3 மணிக்குப் பிச்சாவரம், இரவு சிதம்பரம். இரண்டாம் நாள் சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகை வழியாக வேதாரண்யம். அங்கே பிற்பகல் 2 மணிக்குள் இருந்தால் மாலையே கோடியக்கரைச் சரணாலயத்துக்குள் ஒரு சுற்று வரலாம். இரண்டாம், மூன்றாம் இரவுகள் அங்கேதான். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் விடியல் கோடியக்கரையில். நான்காம் நாள் 9 மணிக்குக் கிளம்பி முத்துப்பேட்டை, மல்லிப்பட்டினம், தொண்டி, ராமநாதபுரம் வழியாக ராமேஸ்வரம். ஐந்தாம் நாள் பிற்பகல் தனுஷ்கோடி. திரும்பும்போது மதுரை, திருச்சி நெடுஞ்சாலை. ஈ.சி.ஆரிலேயே திரும்புவேன் என்று அடம்பிடிக்க வேண்டாம்.

நீங்கள் தேர்ந்த மாதம் நல்ல மாதம்தான். நவம்பர், டிசம்பர் புயல் காலம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையேறியது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான். புயல் இல்லாவிட்டாலும் அப்போது நீர் ஆழமாகி, பறவைகள் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும். ஜனவரியில் நீர் வற்ற வற்ற ஆழம் குறைந்த இடங்களில் கூட்டமாக வந்து சேரும். பிப்ரவரி கடைசி வரை இது நடக்கும். ஏப்ரலில் வலசைப் பறவைகள் பெரும்பாலும் வடக்கே கிளம்பிவிடும்.

கேள்வி: மரக்காணம் உப்பளத்தில் நடுப்பகல் 12 மணிக்கு நிறுத்திப் பார்த்தோம். வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிந்தது. 600 மி.மீ. லென்ஸில் எடுத்த படமும் கலங்கலாகவே வந்தது. லென்ஸில் கோளாறா? (வாசகர், வேலூர்)

லென்ஸில் இல்லை, மணியில். உப்பளத் தரை சூடேறியதும் அதன்மேல் காற்று நடுங்கத் தொடங்கும். கானல் நீர் தெரிவதும் தரையை ஒட்டிய இதே சூடான காற்றால்தான். 200 மீட்டர் தள்ளி நிற்கும் பறவையை அந்த நடுக்கத்தின் வழியாக எடுத்தால் எத்தனை லட்சம் ரூபாய் லென்ஸும் தோற்கும். ஜனவரியிலேயே காலை 9 மணிக்கு மேல் இது ஆரம்பித்துவிடுகிறது. அதற்கு முன் எடுங்கள், அல்லது 50 மீட்டருக்குள் வரும் பறவையை மட்டும் எடுங்கள்.

திசையும் முக்கியம். தெற்கு நோக்கிப் போகும்போது உப்பளங்களும் உப்பங்கழியும் பெரும்பாலும் உங்கள் வலப்பக்கம், அதாவது மேற்கே. காலையில் வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும், பறவையின் நிறம் முழுசாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாமே கருநிழல்.

தொலைநோக்கி வாங்குவதானால் 8x42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். 10 மடங்கு கையில் ஆடும், 20 மடங்கு ஜூம் என்று விற்பவை பொம்மை. உப்புப் பாத்திகளின் விளிம்பில் நெடுங்கால் உள்ளான் எளிதாகக் கிடைக்கும். சிவப்புக் குச்சிபோல் கால், ஊசிபோல் அலகு. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன் ஆகியவற்றையும் எதிர்பார்க்கலாம். பக்கத்திலிருக்கும் கழுவேலி 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சார் தலமாகவும் (பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலம்) அறிவிக்கப்பட்டது. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. வண்டியைப் பாத்தி வரப்பில் ஏற்றாதீர்கள். மேலே காய்ந்ததுபோல் இருக்கும், அடியில் களி. தார்ச் சாலையைவிட்டு விலகி, கெட்டியான இடத்தில் நிறுத்திவிட்டு நடங்கள்.

கேள்வி: பிச்சாவரத்தில் மோட்டார் படகா, துடுப்புப் படகா? (வாசகி, கரூர்)

துடுப்புப் படகு. மோட்டார் படகு அகலமான வாய்க்காலோடு நின்றுவிடும். சுரபுன்னை வேர்கள் இரு பக்கமும் வளைந்து கூடாரம்போல் மூடும் குறுகிய கால்வாய்க்குள் துடுப்பு மட்டுமே போகும். மீன்கொத்தியும் கொக்கும் இருப்பதும் அங்கேதான். கையை நீட்டிக் கிளையைப் பிடிக்காதீர்கள். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் இந்த மரத்தால் வந்ததுதான்.

கேள்வி: கோடியக்கரைக்குப் போனவர்கள் சிலர் "நூற்றுக்கணக்கில் மான்" என்கிறார்கள், சிலர் "குரங்கைத் தவிர ஒன்றுமில்லை" என்கிறார்கள். எதை நம்புவது? (வாசகர், திருப்பூர்)

இரண்டையும் நம்பலாம். முதல் ஆள் காலை 6.30 மணிக்குப் போனவர், இரண்டாமவர் வேளாங்கண்ணியில் கும்பிட்டுவிட்டுப் பகல் 1 மணிக்குப் போனவர்.

1967-இல் அமைந்த இந்தச் சரணாலயம் வெளிமானுக்காகவே வந்தது. பெயரே சொல்கிறது: வெளியில், திறந்த புல்வெளியில், வாழும் மான். சங்கப் பாடல்களில் இரலை என்று வருவது இதன் ஆண். வேட்டையாடும் விலங்கு தொலைவில் வரும்போதே கண்டு ஓடிவிடுவதுதான் இதன் தற்காப்பு. அதனால் அடர்ந்த காட்டுக்குள் தேடினால் கிடைக்காது. காட்டோரத்தில் நிற்பது புள்ளிமான். நடுப்பகலில் வெளிமான்கள் நிழல் தேடிப் படுத்துவிடும். புல்லின் நிறமும் பெண் மானின் நிறமும் ஒன்றாகிவிடுவதால் முன்னால் படுத்திருந்தாலும் தெரியாது.

வாசலில் கட்டணம் கட்டும்போதே வழிகாட்டி ஒருவரைக் கேளுங்கள். பார்வை நேரம் பொதுவாகக் காலை 6 முதல் மாலை 6 வரை. உள்ளே 15 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாதீர்கள். புல்வெளி தெரியும் இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருங்கள். கதவைத் திறக்கக் கூடாது. வெளிமானுக்குக் கார் ஒரு பெரிய மாடு மாதிரி, பொறுத்துக்கொள்ளும். அதிலிருந்து இரண்டு கால் இறங்கியதும் மந்தையே போய்விடும். மேய்ந்துகொண்டிருப்பவை எல்லாம் ஒரே நேரத்தில் தலை தூக்கினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அதற்குமேல் ஒரு அடி போனாலும் ஓட்டம்தான்.

வளர்ந்த ஆணைத் தவறவிட முடியாது. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், முறுக்கிய கொம்பு. பெண்ணுக்குக் கொம்பில்லை, மங்கிய பழுப்பு. தனியாக ஒரு கறுப்பு ஆண் நின்றால் அதன் காலடியைக் கவனியுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்ட புழுக்கை, சிறு மேடுபோல் குவிந்திருக்கும். புதியது கறுப்பாகப் பளபளக்கும், பழையது சாம்பல் பூத்திருக்கும். அந்தக் குவியல் அதன் எல்லைக்கல். அதைவிட்டு அது வெகுதூரம் போகாது என்பதால், பொறுமையாக இருந்தால் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்கலாம். மந்தையின் பின்னால் சுற்றுவதைவிட இதுவே மேல்.

கூடவே மட்டக்குதிரைகளும் வரும். காட்டு விலங்கு அல்ல, வீட்டுக் குதிரைகள் காடேறியவை. வெளிமான் தின்னும் அதே புல்லைத் தின்று, அதே குட்டையில் குடிக்கின்றன. சீமைக் கருவேல் வேறு புல்வெளியைச் சுருக்கிக்கொண்டே வருகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மானின் நெருக்கடி புரியும்.

ராமர் பாதம் என்ற மேடு இங்கே உண்டு. உயரம் ஏறக்குறைய 4 மீட்டர்தான், ஆனால் சுற்றுவட்டாரத்தில் அதுவே சிகரம். மேலே நின்று பார்த்தால் சதுப்பு நிலம் எவ்வளவு விரிந்து கிடக்கிறது என்று தெரியும்.

குரங்கு பற்றி ஒரு சொல். வேதாரண்யத்திலிருந்து வரும் காட்டுச் சாலையில் கார் நின்றதுமே சூழ்ந்துகொள்ளும். வாழைப்பழம் நீட்டுபவர்களால் வந்த வினை. கொடுப்பது சட்டப்படியும் தவறு. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிற்காமல் போங்கள். தங்குவதற்கு வனத்துறையின் ஓய்வு இல்லம் இருக்கிறது, நாகை வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டி எழுதிக் கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் 11 கி.மீ. தள்ளி வேதாரண்யத்தில் விடுதிகள் உண்டு. வேளாங்கண்ணியில் விடுதி அதிகம்தான், ஆனால் அங்கிருந்து கிளம்பினால் விடியலைத் தவறவிடுவீர்கள்.

கேள்வி: பூநாரை இளஞ்சிவப்பாக இருக்கும் என்று குழந்தைகளிடம் சொல்லிக் கூட்டிப்போனேன். எல்லாம் வெள்ளையாக நின்றது. சில சாம்பல் நிறம் வேறு. வேறு பறவையா? (வாசகி, நாமக்கல்)

அதே பறவைதான். நம் கரைக்கு வருவது பெரிய பூநாரை. நிற்கும்போது உடம்பு வெள்ளை, லேசாக ரோஜாச் சாயல். சிவப்பு முழுக்க இறக்கையின் மடிப்புக்குள் இருக்கிறது. பறக்கும்போது கறுப்பு விளிம்போடு அது விரியும். அந்த நிறமும் பிறவியில் வருவதல்ல. உவர்நீரில் வளரும் பாசியிலும் நுண்ணிய இறாலிலும் இருக்கும் நிறமி சேர்ந்து சேர்ந்து வருவது. சாம்பல் நிறத்தில் நின்றவை இளம் பறவைகள்.

"பறக்க வைத்தால் சிவப்புத் தெரியும்" என்று ஆரன் அடிப்பவர்களும் கைதட்டுபவர்களும் உண்டு. செய்யாதீர்கள். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நாளெல்லாம் வடிகட்டித் தின்றால்தான் அதற்கு வயிறு நிறையும். ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும் அந்த உழைப்பு வீணாகிறது. அரை மணி நேரம் காத்திருந்தால் அவற்றில் சில தாமாகவே இடம் மாறும்.

கோடியக்கரையில் சதுப்பை ஒட்டிய உப்பளப் பக்கம் தேடுங்கள். சில இடங்கள் தனியார் உப்பளம், வழிகாட்டி சொல்லாமல் நுழையாதீர்கள். பெருமழை பெய்த ஆண்டில் நீர் ஆழமாகி, உவர்ப்பும் குறைந்திருக்கும். பூநாரைக்குக் கால் எட்டும் ஆழம் வேண்டும், அது கிடைக்காவிட்டால் வேறு இடம் போய்விடும். தனுஷ்கோடியில் கோதண்டராமர் கோயிலைச் சுற்றிய ஆழமற்ற நீரில் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல வாய்ப்பு. நிலம் முடியும் அரிச்சல்முனை நோக்கிப் போகும்போது இடப்பக்கம் பாக் விரிகுடா. பிற்பகல் 3 மணிக்குப் பின் வெயில் உங்களுக்குப் பின்னால் இருக்கும், படத்துக்கு அதுதான் நேரம். ஆனால் மாலை 5 மணி அளவில் முனைக்குப் போகும் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், கணக்குப் பார்த்துப் போங்கள்.

கேள்வி: பிப்ரவரியில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் சாலையில் வைக்கோல் பரப்பியிருந்தார்கள். அதன்மேல் ஓட்டிவந்த கொஞ்ச நேரத்தில் காரின் அடியிலிருந்து கருகல் வாடை வந்தது. பயப்பட வேண்டிய விஷயமா? (வாசகர், கோவை)

கட்டாயம் பயப்பட வேண்டும். டெல்டாவில் சம்பா அறுவடை முடியும் நேரத்தில் வைக்கோலும் நெல்லும், பங்குனிவாக்கில் உளுந்துச் செடியும், ராமநாதபுரம் பக்கம் எள்ளும் கொள்ளும் தார்ச் சாலையில் காயும். களம் இல்லாதவர்கள் வேறு எங்கே போவார்கள்? திட்டிக்கொண்டே ஏற்றிப்போவதைவிட, எப்படிக் கடப்பது என்று தெரிந்துகொள்வது நல்லது.

தாளும் தண்டும் முன்சக்கர அச்சில் கயிறுபோலச் சுற்றிக்கொள்ளும். கொஞ்சம் சைலன்சர் குழாய்க்கும் அடித்தகட்டுக்கும் இடையில் செருகிக்கொள்ளும். ஓடிவந்த வண்டியின் சைலன்சர் காய்ந்த வைக்கோலைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாக இருக்கும். கார் ஓடும்போது காற்று பட்டுத் தப்பிக்கும், நின்றதும் புகையும். ஆகவே வைக்கோல்மேல் மட்டும் நிறுத்தாதீர்கள். விலகிப் போக வழியிருந்தால் விலகுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது கியரில், சீராக, திடீர் பிரேக் இல்லாமல் கடந்து, 300 மீட்டர் தள்ளி வெறும் தார்ச் சாலையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் குனிந்து பாருங்கள். அச்சில் சுற்றியதை ஒரு குச்சியால் இழுத்து எடுங்கள். சைலன்சரில் கை வைக்காதீர்கள். புகை தெரிந்தால் முதலில் எல்லோரும் இறங்கித் தள்ளிப்போக வேண்டும். பானட்டை அகலத் திறந்தால் காற்றுப் புகுந்து தீ வளரும். ஒரு கிலோ பவுடர் தீயணைப்பானை டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் புதைக்காமல், ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே வையுங்கள்.

நெல் மட்டும் கொட்டியிருந்தால் தீ ஆபத்து இல்லை, வழுக்கல் ஆபத்து. கோலிக்குண்டுமேல் பிரேக் அடித்ததுபோல் போகும். பைக்கில் வருபவர்கள் இன்னும் கவனம். இருட்டிய பின் இந்தப் பக்கம் ஓட்டுவதே வேண்டாம். தார்ச் சூட்டுக்காக மாடுகள் நடுச்சாலையில் படுத்திருக்கும். அந்தி நேரத்தில் நரியும் பாம்பும் குறுக்கே போகும்.

கேள்வி: தனுஷ்கோடியில் கார் மணலில் புதைந்து, இழுவைக்கு நிறையப் பணம் கொடுத்தோம். நாமே எடுக்க முடியாதா? (வாசகர், மதுரை)

முதல் இரண்டு நிமிடத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சக்கரம் சுழன்று வண்டி நகராவிட்டால் உடனே ஆக்சிலேட்டரை விடுங்கள். மிதிக்க மிதிக்கக் குழி ஆழமாகி வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிடும், பிறகு இழுவைதான். எல்லோரையும் இறக்குங்கள். இழுக்கும் சக்கரங்களுக்கு (பெரும்பாலான கார்களில் முன்சக்கரம்) முன்னும் பின்னும் மணலைக் கையால் வாரி, சரிவாக வழி செய்யுங்கள். டயர் காற்றை 32-இலிருந்து 18 ஆகக் குறையுங்கள். டயர் அகலமாகப் படிந்து மணலைப் பிடிக்கும். காலடி விரிப்பை, முடிந்தால் பனையோலையை, டயருக்கு நெருக்கமாகச் செருகுங்கள். வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவாக எடுப்பதுதான் எளிது, அந்த மணல் ஏற்கெனவே அழுந்தியிருக்கும். தார்ச் சாலை ஏறியதும் 30 கி.மீ. வேகத்துக்குள் போய்க் காற்றை நிரப்புங்கள். சிகரெட் லைட்டரில் செருகும் சிறு பம்ப் கையில் இருந்தால் கவலையில்லை.

அரிச்சல்முனை வரை நல்ல சாலை 2017-இல் இருந்தே இருக்கிறது. புதைபவர்கள் எல்லோரும் படம் எடுக்க ஓரத்தில் இறங்கியவர்கள். பாம்பன் பாலத்தின் மேலும் படத்துக்காக நிறுத்த அனுமதி இல்லை.

கேள்வி: மல்லிப்பட்டினம் பக்கம் படகில் போனால் கடற்பசுவைப் பார்க்கலாமா? (வாசகர், புதுக்கோட்டை)

அதை நம்பிக் காசு செலவழிக்காதீர்கள். ஆவுளியா என்றும் சொல்லப்படும் கடற்பசு கூச்ச சுபாவமுள்ள பிராணி. மூச்சுவிட மூக்கை மட்டும் காட்டிவிட்டு மூழ்கிவிடும், கலங்கல் நீரில் அதற்குமேல் ஒன்றும் தெரியாது. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கி.மீ. பரப்பை 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததே அது மேயும் கடற்புல்லுக்காகத்தான். படகில் போயே தீரவேண்டும் என்றால் தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் போங்கள்.

கேள்வி: இரவில் கடற்கரையில் ஆமை முட்டையிடுவதைப் பார்க்க நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்? (வாசகி, சென்னை)

டார்ச்சை அணையுங்கள், பேச்சை நிறுத்துங்கள், உட்காருங்கள். பங்குனி ஆமை ஜனவரியிலிருந்து கரையேறும். இடம் தேடும்போது வெளிச்சமோ ஆளோ கண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். அதற்குப் பின்பக்கமாகத் தள்ளி இருங்கள், தலைக்கு முன்னால் போகாதீர்கள். மொத்தமாக ஒரு மணி நேரத்துக்குள் குழி தோண்டி, நூறு முட்டை அளவுக்கு இட்டு, மூடி, உடம்பால் மணலைத் தட்டிவிட்டுப் போகும். போன பிறகு டிராக்டர் ஓட்டியதுபோல் இரு பக்கத் தடம் இருக்கும். அதை மிதித்து அழிக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள், நாய்க்கும் நரிக்கும் முன்னால் அவர்கள் முட்டையை எடுத்துக் குஞ்சுப் பொரிப்பகத்தில் வைப்பார்கள். முறையாகப் பார்க்க விரும்பினால் 1988 முதல் சென்னையில் மாணவர்கள் நடத்தும் ஆமை நடையில் சேர்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி: பெட்ரோல் எங்கே போடுவது? (வாசகர், தாம்பரம்)

புதுச்சேரியிலும் காரைக்காலிலும். விலை கொஞ்சம் குறைவு. அங்கே மலிவு என்று வேறு பாட்டில் எதையும் நிரப்பிக்கொண்டு வராதீர்கள், சோதனைச் சாவடி உண்டு. ராமேஸ்வரம் ஊரைத் தாண்டினால் பங்க் கிடையாது.

கேள்வி: திரும்பி வந்ததும் வண்டிக்கு ஏதாவது செய்ய வேண்டுமா? (வாசகர், ஈரோடு)

இரண்டு நாளுக்குள் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். மேலே பளபளக்கத் துடைப்பது அவசரமில்லை. உப்பு தங்குவது சக்கர வளைவின் உள்விளிம்பு, சைலன்சர் மாட்டும் கொக்கிகள், பிரேக் குழாய் இணைப்புகள், பைக் என்றால் செயின். வாட்டர் சர்வீஸ் கடையில் லிஃப்டில் ஏற்றி அடிக்கச் சொல்லுங்கள். கழுவியதும் நிறுத்திவிடாமல் 5 கி.மீ. ஓட்டி, பத்துப் பதினைந்து தடவை மெதுவாக பிரேக் பிடித்து டிஸ்க்கை உலர்த்துங்கள். செயினுக்கு அன்றே எண்ணெய். ஏ.சி. காற்று நுழையும் சல்லடையையும் கழற்றித் தட்டுங்கள், தனுஷ்கோடி மணல் ஒரு கைப்பிடியாவது அங்கே இருக்கும்.